கெண்டைக்கு இரைப்பை கிடையாது

கடலூர் முதுநகர்க்காரர்களிடம் ஏரி மீனைப் பற்றிப் பேசிப் பயனில்லை. "சேத்து வாடை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அம்மா அந்த ஊர். சங்கராவும் வஞ்சிரமும் கூடையில் வாசலுக்கே வரும் தெருவில் வளர்ந்தவள். வாழ்க்கைப்பட்டது காட்டுமன்னார்கோயில் பக்கம். மாமியார் வீட்டில் முதன்முதலாகப் பரிமாறப்பட்ட கட்லா குழம்பைப் பற்றி, முப்பது வருஷம் கழித்தும் ஒரு வழக்கு நடத்துகிற தொனியில்தான் பேசுவாள்.

அப்பாவுக்குக் கடல் மீன் மேல் விரோதம் இல்லை, மரியாதையும் இல்லை. "வலைய வீசுனா வருது, அதுல என்னா இருக்கு" என்பார். அவருக்கு மீன் என்றால் வடவாற்றில் கிடைக்கிற கெண்டை வகையறாதான். கீழணையில் பிரிந்து வீராணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற அந்த வாய்க்காலின் கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்திருப்பார். மூங்கில் கம்பு, நரம்பு, மயிலிறகுக் காம்பில் செய்த தக்கை. பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வருகிற ஏரிக்குப் போகிற தண்ணீர் இது என்று நான் ஒருமுறை சொன்னேன். "அவன் தூண்டில் போட்டானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குமேல் வந்தியத்தேவன் மேல் அவருக்கு ஈடுபாடு ஏற்படவில்லை.

சிதம்பரத்தில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதும் வேலை அவருக்கு. தராசோடு புழங்கியவர் என்பதால் இரையிலும் கிராம் பார்ப்பார். சனிக்கிழமை ராத்திரி கடலைப் புண்ணாக்கை இடித்து, சலித்து, வறுத்த தவிடு, கொஞ்சம் மைதா, ஒரு சிட்டிகை வறுத்த வெந்தயத் தூள் சேர்த்துப் பிசைவார். எல்லாம் சேர்த்துக் கால் கிலோ, அதற்கு மேல் போகாது. பக்கத்தில் தூண்டில் போடும் பையன்கள் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று பாலிதீன் பையில் கொண்டுவந்து கொட்டுவதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"பாப்பா, ஒரு கிலோ மீன் ஒரு நாளைக்கு என்னா சாப்புடும்னு நெனைக்கிற?"

அதற்கான விடை மீன் வளர்ப்பவர்களிடம் இருக்கிறது. குளத்தில் வளர்க்கும் கெண்டைகளுக்குத் தவிடும் புண்ணாக்கும் சரிபாதியாகக் கலந்து, மொத்த மீன் எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கொடுப்பது வழக்கம். கிலோ மீனுக்கு 20, 30 கிராம். ஐந்து ரோகு சேர்ந்து வந்தால் நாள் முழுக்க 150 கிராம் போதும். அதில் ஒரு கிலோவைக் கொட்டினால் உங்கள் முள்ளில் இருக்கிற உருண்டை ஆயிரத்தில் ஒன்று. அதை அது தேடிவந்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன? அப்பா கொண்டுபோகும் கால் கிலோவிலும் பாதியைப் பொடி மீன்கள் தின்றுவிடும். மிச்சம் சரியாக இருக்கும்.

அளவு ஒரு பக்கம். அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது அதைவிடப் பெரிய பாடம். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்தண்ணீரில் மேயும். ரோகு நடுத்தண்ணீர். மிர்காலும் சாதாக்கெண்டையும் அடியில் சேற்றைக் கிளறுபவை. ஒரே குளத்தில் இவற்றைச் சேர்த்து வளர்ப்பதே இந்த ஏற்பாட்டை நம்பித்தான், ஒன்றின் சோற்றில் இன்னொன்று கை வைப்பது குறைவு. ஆகவே கட்லாவுக்கு உலர்ந்த தவிட்டைத் தூவினால் போதும், மேலேயே புகைமாதிரி பரவி நிற்கும். ரோகுவுக்கு இறங்க இறங்கக் கரைகிற இளக்கமான உருண்டை. மிர்காலுக்குக் களிமண் சேர்த்து இறுக்கிப் பிடித்த உருண்டை. வடவாற்றில் இழுவை இருக்கும் நாளில் களிமண் இல்லாத உருண்டை நேராக வீராணம் போய்விடும். உருண்டையில் நூல் கட்டிப் போட்டு அது எங்கே போய் உட்காருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்வார். அந்தத் தூரத்துக்கு மேற்கே தள்ளித்தான் அடுத்ததைப் போடுவார்.

கையால் எறிந்தால் சத்தத்துக்கு மீன் ஒதுங்கும் என்று கம்பு நுனியில் ஒரு கொட்டாங்குச்சியைக் கட்டி வைத்திருந்தார். அதில் உருண்டையை வைத்து, கம்பை நீட்டி, தக்கைக்குப் பக்கத்தில் பூப்போல கவிழ்ப்பார். முதலில் எலுமிச்சங்காய் அளவில் மூன்று. அப்புறம் சும்மா இருக்க வேண்டும். அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் வரிசையாக வந்தால் மீன் கிளறுகிறது என்று அர்த்தம், அப்போது ஒன்றும் போடக் கூடாது. மீன் ஒன்று சிக்கினால் நெல்லிக்காய் அளவில் ஒன்றே ஒன்று. மார்கழி, தை காலைகளில் எல்லாமே பாதி, குளிர்ந்த தண்ணீரில் அதற்குச் செரிமானம் மந்தம். கடி நின்றுபோனால் மற்றவர்கள் இன்னும் நாலு கை அள்ளிப் போடுவார்கள். அப்பா நிறுத்திவிடுவார்.

இந்தக் கலை நமக்கு மட்டும் உரியது என்று சொல்ல வரவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பேரில் உள்ள மானசோல்லாசத்தில், அரசனின் பொழுதுபோக்குகளில் ஒன்றாக மீன் பிடிப்பதற்கே ஒரு பகுதி இருக்கிறது. எந்த மீனுக்கு எந்த இரை என்கிற கணக்கு அதிலும் உண்டு. ஆந்திராவில் கொல்லேறு பக்கத்துப் பண்ணைகளில் தீவனத்தைத் துளை போட்ட பைகளில் நிரப்பி மூங்கில் கழிகளில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மீன்கள் வந்து துளையில் வாய் வைத்து உறிஞ்சிக்கொள்ளும், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. இங்கிலாந்தில் 1952-இல் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு கெண்டை ஒன்றைப் பிடித்தார். அது லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் கிளாரிசா என்ற பெயரோடு வாழ்ந்தது. இன்றைக்கு அந்த ஊரில் இரை போடக் கவண் இருக்கிறது, தண்ணீரில் கரைகிற பை இருக்கிறது, ரிமோட்டில் ஓடுகிற குட்டிப் படகு இருக்கிறது. படகு வீடியோவை அப்பாவிடம் காட்டினேன். "கம்பு எட்டாதா இவங்களுக்கு?" என்றார்.

மீனை அரிவது அப்பாவின் வேலை, அம்மா தொடமாட்டாள். கொல்லையில் அரிவாள்மணையில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பாடம் எடுப்பார். விராலின் வயிற்றைக் கீறினால் உள்ளே ஒரு பை இருக்கும். ஒருதடவை அதற்குள் முழுசாக ஒரு தவளைக் குஞ்சு இருந்தது. கெண்டையைக் கீறினால் பை இருக்காது. வாயிலிருந்து நேராகக் குடல், சுருள் சுருளாக, மீனைவிடப் பல மடங்கு நீளத்துக்கு. "பாத்தியா, சேத்து வெக்க எடம் இல்ல. அதான் கொஞ்சம் கொஞ்சமா நாளெல்லாம் மேஞ்சுகிட்டே இருக்கும்." கெண்டைக் குடும்பத்துக்கு இரைப்பை கிடையாது என்பதும், வாயில் பல் இல்லாமல் தொண்டையில் பல் இருக்கும் என்பதும் நான் கல்லூரியில் விலங்கியல் படித்தபோது தெரிந்துகொண்டது. அப்பா அரிவாள்மணையில் படித்திருந்தார். (நாம் ஜிலேபிக் கெண்டை என்கிறோமே, அது பேரில்தான் கெண்டை. அதற்கு இரைப்பை உண்டு.)

2022 ஐப்பசியில் அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. புதுச்சேரியில் அறுவைசிகிச்சை. முழு இரைப்பையையும் எடுத்துவிட்டு உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைக்க வேண்டும் என்று சொன்ன டாக்டர், ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். அப்பா அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கெண்ட மாதிரிங்களா சார்?" என்று கேட்டார். டாக்டருக்குப் புரியவில்லை. நான் சொன்னதும் சிரித்துவிட்டார், அந்த அறையில் அன்றைக்கு யாராவது சிரித்தார்கள் என்றால் அவர்தான்.

வீட்டுக்கு வந்தபோது 49 கிலோ. முன்பு 68. ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு வேளை, ஒவ்வொரு வேளையும் கொஞ்சமாக, சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, இனிப்பு ஆகாது, பி12 ஊசி வாழ்நாள் முழுக்க. ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். காகிதம் ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது, அம்மாவின் கை அதன் போக்கில் இருந்தது. இளைத்துப்போன மனுஷனுக்கு இன்னும் ஒரு கரண்டி போடாமல் எப்படி இருப்பது? அவள் அன்பு காட்டத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஒரு வெள்ளிக்கிழமை சேமியா பாயசம் அரை டம்ளர் கொடுத்தாள். இருபது நிமிஷத்தில் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடத்தது, கூடத்தில் தரையிலேயே படுத்துவிட்டார். இரைப்பை ஒரு மதகு. அது இல்லாதபோது சர்க்கரை மொத்தமாகக் குடலில் போய் இறங்கி, உடம்பின் தண்ணீரை அந்தப் பக்கம் இழுத்துவிடும் என்று பிறகு விளக்கினார்கள். அம்மா அன்றைக்கு அழுதது எனக்கு இன்னும் கேட்கிறது.

அப்புறம் அளவை நான் எடுத்துக்கொண்டேன். அப்போது கடலூரில் மஞ்சக்குப்பத்தில் வேலை. மூன்று மாசம் விடுப்பு போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அப்பாவின் பழைய சின்னத் தராசையே எடுத்தேன். ஏழு மணிக்கு ஒரு முட்டை. ஒன்பதுக்கு ஒரு இட்லி. பதினொன்றுக்குக் கேழ்வரகுக் கூழ், காப்பி டம்ளரில் பாதி. இப்படி ராத்திரி ஒன்பது வரைக்கும்.

பிரச்சினை அளவோடு முடியவில்லை. அவருக்குப் பசியே இல்லை. பசியைச் சொல்கிற சுரப்பு பெரும்பாலும் இரைப்பையில்தான் உண்டாகிறதாம். அது போனதோடு பசியும் போனது. "வேணாம் பாப்பா" என்பார். வற்புறுத்தினால் வாயை மூடிக்கொள்வார். தட்டு நிறைய வைத்தால் பார்த்தவுடனே முகம் சுருங்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் எண்ணினால் இரண்டாவது வாயோடு தட்டைத் தள்ளிவிடுவார். மூன்று உருண்டையைப் போட்டுவிட்டு அவர் கரையில் எப்படி இருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். நிழல் தண்ணீரில் விழாமல் தள்ளி உட்கார்வார், பேசமாட்டார், தக்கையைக்கூட நேராகப் பார்க்கமாட்டார்.

அடுத்த நாளிலிருந்து தட்டை மாற்றினேன். ஊறுகாய் வைக்கிற சின்னக் கிண்ணத்தில் இட்லியை எட்டாகப் பிய்த்துப் போட்டு, அவர் தினத்தந்தி படிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவேன். ஒன்றும் சொல்வதில்லை. அம்மாவையும் கூடத்துப் பக்கம் விடுவதில்லை, அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. வலை போடும் ஊர்க்காரிக்குக் காத்திருப்பது பழக்கமில்லை. அரைமணி கழித்துப் போனால் சிலநாள் நாலு துண்டு குறைந்திருக்கும், சிலநாள் ஆறு. மீதியைப் பற்றிப் பேசாமல் எடுத்துவந்துவிடுவேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பும்போது பேப்பரை இறக்காமலேயே கேட்டார்.

"எனக்கே எரை போடுறியா பாப்பா?"

எனக்குக் கை நடுங்கியது. "ஆமா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேப்பர் அசையவில்லை. பிறகு, "போடுறதுன்னா ஒழுங்கா போடு. வாசனையே இல்லாத உருண்டைய எவன் தொடுவான்? வெந்தயத்த வறுத்துப் பொடி பண்ணி எண்ணெயோட தொட்டு வையி" என்றார்.

வைத்தேன். அன்றைக்கு எட்டுத் துண்டும் போயிருந்தது.

அதன்பிறகு அது எங்கள் இருவருக்கும் ஒரு வேலையாகிவிட்டது. இன்றைக்கு இழுவை எப்படி என்று கேட்பேன். "பகல்ல சரியில்ல, சாயங்காலம் பாக்கலாம்" என்பார். வாந்தி வருகிற மாதிரி இருந்தால் "நிறுத்து" என்பார், நிறுத்திவிடுவேன். கடி நின்றபிறகு அள்ளிப் போடக்கூடாது என்பதை அவரிடம் யாரும் விவாதிக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு எங்கள் பேச்சு பிடிக்கவில்லை. "மனுஷன மீனாக்கிட்டீங்க" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்பா வடவாற்றில் இரை போட்டதெல்லாம் மீனுக்குப் பசியாற அல்ல, உருண்டைகளில் ஒன்றுக்குள் முள் இருந்தது. இதை நான் அவரிடம் பேசியதில்லை.

ஆறு மாதத்தில் 52 கிலோ ஆனார். அதற்கு மேல் ஏறவில்லை, இறங்கவுமில்லை. டாக்டர் போதும் என்றார்.

போன தை மாதம் மறுபடி வடவாற்றுக்கு அழைத்துப்போனேன். பிளாஸ்டிக் நாற்காலி, குடை, இரண்டு டப்பா. ஒன்றில் மாவு, இன்னொன்றில் இட்லி. குளிர் காலம் என்பதால் மாவு பாதிதான் பிசைந்திருந்தார். கம்பைப் பிடிக்கக் கையில் வலு போதவில்லை, கொட்டாங்குச்சியை நான்தான் நீட்டினேன். "மேற்க தள்ளு. இன்னும். இப்ப கவுத்து." மூன்று உருண்டை இறங்கியது. குமிழ் வரவில்லை. பக்கத்துப் பையன் ஒருவன் ஸ்பிரிங் தூண்டிலில் மாவை அப்பி நடு ஆற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தான். "தாத்தா, இன்னும் கொஞ்சம் போடுங்க, அப்பதான் கூடும்" என்றான். அப்பா அவனைப் பார்த்துத் தலையாட்டினார், போடவில்லை.

பதினொரு மணிக்கு அம்மா போன் செய்தாள்.

"சாப்ட்டாரா?"

"பாதி."

"மீதி என்னா ஆச்சு?"

திரும்பிப் பார்த்தேன். அப்பா மீதி இட்லியை விரலால் உதிர்த்து ஓரத்துத் தண்ணீரில் விட்டு, அது எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா எறங்குது பாப்பா, ரோகுக்கு ஆவும்" என்றார். "அடுத்த ஞாயித்துக்கெழம கொஞ்சம் கூடுதலா எடுத்தா. தண்ணி நிறுத்துறதுக்குள்ள பாத்துடலாம்."