பக்கத்துக் கட்டில்

ஆஸ்பத்திரியில் 23 நாட்கள் படுத்திருந்தபோது ஓர் உண்மையைக் கண்டுபிடித்தேன். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் மூன்று வகை.

முதல் வகையினர் வைத்தியர்கள். தொழிலால் அல்ல, ஆர்வத்தால். தூதுவளை, ஆடாதோடை, பனங்கற்கண்டு என்று பட்டியலோடு வருவார்கள். இரண்டாம் வகையினர் சரித்திராசிரியர்கள். "எங்கள் பெரியப்பாவுக்கும் இதே வியாதிதான்" என்று தொடங்கி, பெரியப்பாவின் கருமாதியில் கொண்டுவந்து முடிப்பார்கள். மூன்றாம் வகையினர் தத்துவ ஞானிகள். "எல்லாம் நன்மைக்கே" என்பார்கள். "அவரவர் வினை அவரவர் அனுபவிக்க வேண்டியதுதான்" என்பார்கள். சொல்லிவிட்டு, எனக்கு வந்திருக்கும் ஆரஞ்சுப் பழத்தில் ஒன்றை உரித்துத் தின்பார்கள்.

இவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் இந்த மூன்று வகையிலும் இருந்தவன்தான். எத்தனை கட்டில்களின் அருகே நின்றுகொண்டு எத்தனை பேருக்கு உபதேசம் செய்திருப்பேன்! கட்டிலின் மேலே படுத்துப் பார்த்தபோதுதான் என் உபதேசங்களின் எடை எனக்குத் தெரிந்தது.

எனக்கு வந்த வியாதியைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். நிமோனியாக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகிற போக்கில், நுரையீரலைப் போர்த்தியிருக்கும் இரண்டு உறைகளுக்கும் நடுவே சீழைத் தேக்கி வைத்துவிட்டுப் போயிற்று. விலா எலும்புகளுக்கு இடையே துளையிட்டு ஒரு குழாயைச் செருகினார்கள். குழாயின் மறு முனை கட்டிலுக்கு அடியில் ஒரு பாட்டில் தண்ணீருக்குள் முங்கியிருக்கும். நான் மூச்சை இழுத்தால் குழாயில் தண்ணீர் ஏறும், விட்டால் இறங்கும். இருமினால் பாட்டிலில் குமிழி எழும்பும். எழுந்து நடந்தால் பாட்டிலையும் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்க வேண்டும். அதை மார்புக்கு மேலே தூக்கிவிடக் கூடாது என்பது நர்ஸம்மாவின் கண்டிப்பான உத்தரவு.

இரவில் வார்டு முழுவதும் தூங்கும். எனக்குத் தூக்கம் வராது. என் உயிர் ஒரு பாட்டிலுக்குள் ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன்.

பெரிய டாக்டர் பத்தாம் நாள் சொன்னார்: "சீழ் கெட்டிப்பட்டு நுரையீரலைச் சுற்றித் தோல் மாதிரி படிந்திருக்கிறது. இன்னும் சில நாள் பார்ப்போம். நுரையீரல் விரியவில்லை என்றால், மார்பைத் திறந்து அந்தத் தோலை உரித்தெடுக்க வேண்டியிருக்கும்." பலாப்பழத்தை உரிப்பதைப் பற்றிச் சொல்வது போல அவ்வளவு சகஜமாகச் சொன்னார். நானும் சகஜமாகத் தலையை ஆட்டினேன். மாலையில் என் மனைவி வந்து, "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டபோது, "பயப்பட ஒன்றுமில்லை என்றார்" என்றேன். அவளும், "எனக்குத் தெரியுமே, ஒன்றும் ஆகாது" என்று சிரித்தாள். இரண்டு பேரும் நல்ல நடிகர்கள். கல்யாணமாகி 26 ஆண்டுகளில் அவ்வளவு நன்றாக நாங்கள் பொய் சொல்லிக்கொண்டதில்லை.

அது ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம், தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதை நெருங்கும் வயது. ஈரலில் கட்டி. கண்ணும் மங்கிவிட்டது. தலையணைக்குப் பக்கத்தில் கறுப்பு அட்டை போட்ட தடித்த பைபிள் ஒன்று எப்போதும் இருக்கும். முதல் சில நாட்கள் நான் அவரிடம் அதிகம் பேச்சுக் கொடுக்கவில்லை. பேச்சுக் கொடுத்தால் மதப் பிரசாரம் தொடங்கிவிடுமோ என்று உள்ளூர ஒரு பயம். சைவ வீட்டுப் பிள்ளை. தேவாரம் கேட்டு வளர்ந்தவன். பட்ட கஷ்டம் போதும், இதுவும் வேறா என்று நினைத்தேன்.

டாக்டர் வந்து போன அன்று இரவு அவரே கூப்பிட்டார்.

"தம்பி, முழிச்சுத்தானே இருக்கீங்க? எனக்கு ஒரு சங்கீதம் வாசிச்சுக் காட்டுறீங்களா? கண்ணு தெரியலை."

மறுக்க முடியவில்லை. சங்கீத புஸ்தகத்தில் 150 பாட்டுகள் உண்டு. பச்சைப் புல்லும் அமர்ந்த தண்ணீரும் வருகிற மேய்ப்பன் பாட்டைத்தான் கேட்பார் என்று நினைத்து, 23-ஆவதைப் புரட்டினேன். அது ஒன்றுதான் எனக்கும் தெரியும்.

"அது வேண்டாம் தம்பி. அது எனக்கு மனப்பாடம். அதுவுமில்லாம, இன்னிக்கு வலி ஜாஸ்தி. வலி ஜாஸ்தியான அன்னிக்கு அதைப் படிச்சா ஒட்டாது. ஆறாவதை எடுங்க."

எடுத்தேன். வாசிக்க வாசிக்க எனக்கு ஆச்சரியம். அழுது அழுது இரவெல்லாம் படுக்கையை நனைத்துவிட்ட ஒரு மனிதன் அதில் பேசுகிறான். எலும்பெல்லாம் நடுங்குகிறது என்கிறான். "அடுத்து 13" என்றார் பெரியவர். அதில் ஒருவன் கடவுளைப் பார்த்து, இன்னும் எவ்வளவு காலம் என்று நான்கு தடவை கேட்கிறான். கெஞ்சலாகக்கூட அல்ல, கடன் கொடுத்தவன் வாசலில் நின்று கேட்பது போலக் கேட்கிறான். பிறகு 41. அதில் நோயாளி ஒருவன் படுத்துக் கிடக்கிறான். அவனைப் பார்க்க வருகிறவர்கள் உட்கார்ந்து உப்புச் சப்பில்லாத வார்த்தைகளைப் பேசிவிட்டு, வெளியே போய் அவன் இனிப் பிழைக்க மாட்டான் என்று பேசிக்கொள்கிறார்கள்!

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்ததில் இருமல் வந்தது. பாட்டிலில் குமிழிகள் கொப்பளித்தன. தாவீது ராஜாவின் பெயரால் வழங்கும் பாட்டில் என் விருந்தாளிகள் அத்தனை பேரும் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியவரும் சிரித்தார். அன்று முதல் நாங்கள் சிநேகிதர்கள்.

அதன் பிறகு ஒவ்வோர் இரவும் வாசிப்பு நடந்தது. பிரசாரம் ஒன்றும் அவர் செய்யவில்லை. வாத்தியார் அல்லவா, பாடந்தான் நடத்தினார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்ததைச் சொன்னார். அந்த மனிதர், வந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே டேனிஷ் அதிகாரியால் சில மாதங்கள் சிறை வைக்கப்பட்டார். 36 வயதிலேயே இறந்தும் போனார். அவருக்குப் பிறகு சென்னை வேப்பேரியில் இருந்து பைபிளைத் திரும்பவும் தமிழாக்கிய பெப்ரிஷியஸ் ஐயரோ, முதுமையில் கடனுக்காகச் சிறைக்குப் போனவர், 1791-இல் காலமானார். அவருடைய தமிழை அடியொற்றித்தான் பிற்காலத்தில் ஹென்றி பவர் ஐயரும் அவருடைய குழுவினரும் 1871-இல் தங்கள் பதிப்பை வெளியிட்டார்கள்.

"சுகமா மெத்தையிலே இருந்தவங்க எழுதின தமிழ் இல்லை தம்பி இது. பாடினவனும் அடிபட்டவன்; அதைத் தமிழாக்கினவனும் அடிபட்டவன். இப்போ வாசிக்கிறவங்களும் நாம ரெண்டு பேரு" என்றார்.

யோபுவின் கதையையும் அவர் சொல்லித்தான் சரியாகத் தெரிந்துகொண்டேன். மக்களையும் மாட்டையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான் யோபு. அவனைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கிறார்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் இப்படி வராது என்று பக்கம் பக்கமாக நியாயம் சொல்கிறார்கள். யோபு விடவில்லை. தன்னைப் படைத்தவனையே வழக்குக்கு இழுக்கிறான். கதையின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்களின் மேல். சண்டை போட்ட யோபு சரியாகப் பேசினான். தமக்காகப் பரிந்து பேசியவர்கள் சரியாகப் பேசவில்லை என்று தீர்ப்பாகிறது.

"அந்த ஏழு நாளோட எழுந்து போயிருந்தாங்கன்னா, உலகத்திலேயே நல்ல சிநேகிதங்கன்னு பேர் வாங்கியிருப்பாங்க" என்றார் பெரியவர்.

எனக்கு ஒன்று உறைத்தது. இது எனக்குப் புதிய சங்கதி அல்லவே! சூலை நோயில் துடித்த அப்பர், செய்த குற்றம் இன்னதென்று தெரியவில்லையே என்றுதானே திருவதிகையில் முறையிட்டார்? இரண்டு கண்ணும் இழந்த சுந்தரர் திருவாரூரில் போட்ட சண்டை எப்பேர்ப்பட்டது! சின்ன வயதில் ராகத்தோடு கேட்டு ரசித்த பாட்டுகள். அவை ஒரு நோயாளியின் குரல் என்பது மட்டும் என் காதில் ஏறவில்லை. என் சொந்த வீட்டில் இருந்த பொருளை அடுத்த வீட்டு விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும்.

நுரையீரல் விரியவில்லை. மார்பைத் திறப்பதென்று நாள் குறித்துவிட்டார்கள். முந்தின நாள் மாலை, விளக்கு வைக்கும் நேரம். பெரியவர், "88-ஐ எடுங்க" என்றார்.

அதுவரை வாசித்த முறையீடுகளில் எல்லாம், எவ்வளவு அழுதாலும், முடிகிற இடத்தில் ஒரு திருப்பம் இருக்கும். நம்பிக்கை எட்டிப் பார்க்கும். இதிலும் வரும் வரும் என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன். வரவில்லை. குழியும் இருட்டும் அலைகளுமாகவே போகிறது. சிநேகிதர்களும் விலகிப் போகிறார்கள். ஒரு வெளிச்சமும் இல்லாமல் அப்படியே முடிந்துவிடுகிறது. அடுத்த பக்கத்தில் மிச்சம் இருக்குமோ என்று தாளைப் புரட்டிப் பார்த்தேன்.

"அவ்வளவுதான் தம்பி" என்றார் பெரியவர். "எத்தனையோ பேர் எழுதி எழுதி வச்ச புஸ்தகம். கடைசியிலே ரெண்டு நல்ல வார்த்தை சேர்த்திருக்கலாம், யாரும் சேர்க்கலை. இப்படியும் ஒருத்தன் கஷ்டப்பட்டான், அவன் சொன்னது அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. ஆனா ஒண்ணு. எல்லாத்தையும் யாருகிட்டே சொல்றான் பாருங்க. சுவத்துகிட்டே சொல்லலை."

சிறிது நேரம் கழித்து, "சிலுவையிலே தொங்கினவரும் அந்த நேரத்திலே எடுத்தது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான். கைவிட்டதைப் பத்தின பாட்டு. அவரே கேட்டிருக்காரு, நாம கேட்டா என்ன?" என்றார்.

அன்று மாலை என் மனைவி வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே வந்தாள். கூஜாவை வைத்தாள். "நாளைக்கு இந்நேரம் எல்லாம் முடிந்து..." என்று தொடங்கினாள்.

"எனக்குப் பயமாக இருக்கிறது" என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கிற்று. "எனக்குந்தான்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தபடி, பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும் வரையில் உட்கார்ந்திருந்தாள். பாட்டிலில் தண்ணீர் ஏறிற்று, இறங்கிற்று. அன்று இரவு பல நாளைக்குப் பிறகு தூங்கினேன்.

நான் பிழைத்தேன் என்பதற்கு இந்தக் கட்டுரையே சாட்சி. நான் வார்டுக்குத் திரும்பிய நாலாம் நாள் பெரியவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். குணமாகி அல்ல, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று. அது அவருக்கும் தெரியும். சக்கர நாற்காலியில் உட்கார வைத்தபோது பைபிளை மடியில் வைத்துக்கொண்டார். அதை எனக்குத் தந்துவிட்டுப் போவாரோ என்று ஒரு நப்பாசை. கதை எழுதுகிறவனின் புத்தி அப்படி. அவர் என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே, "இது எனக்கு வேணும் தம்பி. நீங்க கடையிலே ஒண்ணு வாங்கிக்கோங்க" என்றார்.

வாங்கிக்கொண்டேன். அப்பாவின் தேவாரப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. "என்ன, மதம் மாறிவிட்டீரா?" என்று சில நண்பர்கள் கேட்டார்கள். இல்லை. கோயிலுக்குப் போகிறேன், திருநீறு பூசுகிறேன். தூக்கம் வராத இரவுகளில் 88-ஆம் சங்கீதத்தையும் எடுத்து வாசிக்கிறேன்.

இப்போதெல்லாம் யாரையாவது ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனால் தூதுவளையைப் பற்றிச் சொல்வதில்லை. என் பெரியப்பாவைப் பற்றியும் சொல்வதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறேன். அவர்களாகப் பேசினால் கேட்கிறேன். என்னைப் பேசத் தெரியாத மனிதன் என்று சிலர் நினைக்கக்கூடும். நினைத்துவிட்டுப் போகட்டும்.