முதுமைக்கு எந்த ஊர்?

ஓய்வுக்குப் பின் எங்கே வாழ்வது என்ற கேள்வி எங்கள் பெரியவர்களுக்கு லேசானதல்ல. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் சிறுவன். தஞ்சம் புகுந்த புத்தளமே பிறகு ஊராகிவிட்டது. 2009இல் யுத்தம் முடிந்தது முதல் வாப்பா, “சோனகத் தெருவுக்கே போவோம்” என்கிறார். உம்மாவோ, “பேரப்பிள்ளைகள் இங்கேதானே” என்கிறார்.

வாப்பாவின் நினைவில் நிற்பது மார்கழி, தை மாதக் குளிர்ச்சி. சித்திரை வெயிலையும் கார்த்திகை அடைமழையையும் அவர் மறந்துவிட்டார். அதனால் நான் சொன்னேன்: “புத்தளத்து வீட்டை விற்காதீர்கள். வெயிலில் ஒரு மாதம், மழையில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். பள்ளிவாசலுக்கு நடக்க முடிகிறதா? அஸருக்குப் பின் பேச ஒத்த வயதினர் உண்டா? உம்மாவுக்குத் துணை கிடைக்குமா? இரவில் நெஞ்சு வலித்தால் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக யார் வருவார்?”

நல்ல காற்றும் அல்லாஹ்வின் நிஃமத்துதான். ஆனால், “ஏன் இன்று பள்ளிக்குக் காணோம்?” என்று கதவைத் தட்டும் அயலவர் அதைவிடப் பெரிய நிஃமத்து. வீட்டுக்கு முன் அயலவரைப் பார் என்பது அரபுப் பழமொழி. இன்ஷா அல்லாஹ், வரும் சித்திரையில் இருவரும் போய்ப் பார்க்கிறார்கள்.