ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் 2,000 மைல்

முதலிலேயே சொல்லிடறேன் மக்களே, தலைப்பு உண்மைதான். அமெரிக்காவில் 21 வயது ஆகாதவனுக்கு மது கிடையாது. தமிழ்நாட்டிலும் சட்டப்படி 21தான். ஆனா அங்கே பாஸ்போர்ட்டை வாங்கி, பிறந்த தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்து, சிரித்த முகத்தோடு ஒரு லெமனேடைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறார்கள். எனக்கு அப்போ இருபதே முக்கால். சுற்றிப் பார்க்க மட்டும் தடை இல்லை. ஆறு டிஸ்டில்லரி, ஆறு லெமனேடு.

மூணாவது வருஷம் முடிந்த லீவில் வர்ஜீனியாவில் இருக்கும் சித்தப்பா டிக்கெட் போட்டுக் கூப்பிட்டார். ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்து, வர்ஜீனியாவிலிருந்து டென்வர் வரைக்கும், வழியில் இருக்கிற விஸ்கி டிஸ்டில்லரிகளைப் பார்த்துக்கொண்டே போகணும்னு அவருக்குப் பல வருஷ ஆசை. சித்திக்கு ஒரே நிபந்தனை: டேஸ்டிங் இருக்கிற நாளில் ஸ்டியரிங் அவங்க கையில். அம்மாவிடம் "நேஷனல் பார்க் பார்க்கப் போறோம் அண்ணி" என்று சொன்னது சித்தப்பா. நான் வாயைத் திறக்கவே இல்லை.

ஆர்.வி. தெரியாதவர்களுக்கு: மினி லாரியின் முதுகில் சிங்கிள் பெட்ரூம் வீட்டை ஏற்றி வைத்த மாதிரி இருக்கும். எங்களுடையது 25 அடி நீளம். அடுப்பு, ஃப்ரிட்ஜ், கட்டில், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே. யூடியூபில் பெரிதாகக் காட்டாத ஒரு விஷயம், பாத்ரூம் கழிவு வண்டிக்கு அடியில் ஒரு தொட்டியில் சேரும். சில நாளைக்கு ஒருமுறை குழாய் மாட்டி அதை வடிக்கணும். "நீதானேடா ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்சவன்" என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது. முதலில் கழிவுத் தொட்டியைத் திறக்கணும், அடுத்து பாத்திரம் கழுவிய தண்ணித் தொட்டி. அப்போதான் சோப்புத் தண்ணி வந்து குழாயைக் கழுவிவிடும். மூணு வருஷம் படித்ததில் உடனடியாகப் பயன்பட்டது இதுதான்.

முதல் நிறுத்தம் மவுண்ட் வெர்னான், ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த பண்ணை. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி விஸ்கி காய்ச்சி விற்றவர் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. விஸ்கி வரியை எதிர்த்துக் கிளம்பிய விவசாயிகளை 1794இல் படை அனுப்பி அடக்கியவர், 1797இல் தன் பண்ணையிலேயே டிஸ்டில்லரி ஆரம்பித்தார். 1799இல் கிட்டத்தட்ட 11,000 கேலன். அந்தக் காலத்து அமெரிக்காவில் அது மிகப்பெரிய உற்பத்தி. யோசனை சொன்னது ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அடுப்பு முன்னால் நின்று வெந்தது ஆறு அடிமைகள்.

அங்கிருந்து மலை ஏறி இறங்கி கென்டக்கி. இங்கேதான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த கெமிக்கல் இன்ஜினியர் எழுந்து உட்கார்ந்தான்.

பர்பன் என்று லேபிள் ஒட்ட ஒரு சட்டம் இருக்கிறது. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். பழக வைப்பது உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் மட்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயை மறுபடி பர்பனுக்கு எடுக்க முடியாது, அது ஸ்காட்லாந்துக்கோ வேறெங்கேயோ கப்பல் ஏறும். எனக்குப் பிடித்த விதி இது: காய்ச்சி இறக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மாஸ் டிரான்ஸ்ஃபர் பரீட்சையில் மெக்கேப்-தீலே படிக்கட்டு வரைந்து பிழிந்து எடுத்தோமே, ஞாபகம் இருக்கா? அங்கே எத்தனாலை 95.6 சதவீதம் வரை, அதாவது அசியோட்ரோப் வரை தள்ளுவதுதான் கெட்டிக்காரத்தனம். இங்கே வேண்டுமென்றே முன்னாலேயே நிறுத்துகிறார்கள். சுத்தமாகக் காய்ச்சினால் அது வெறும் ஸ்பிரிட். ருசி முழுக்க நாம் 'இம்ப்யூரிட்டி' என்று எழுதி அடித்துவிடுகிற சமாச்சாரத்தில்தான் இருக்கிறது.

நம்ம ஊர் விஸ்கி பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: இந்தியாவில் விற்கிற மலிவு விஸ்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை கரும்பு மொலாசஸிலிருந்து எடுத்த ஸ்பிரிட். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க விடமாட்டார்கள்.

நொதிக்கும் தொட்டி அறையில் நுழைந்ததும் சித்தப்பா என் தோளைத் தட்டி, "டேய், இது ஊறல்டா" என்றார். அதேதான். வெளிர் மஞ்சளில், குமிழ் விட்டுக்கொண்டு, புளித்த கூழ் வாசனையோடு. எங்க ஊர் சின்னசேலம் பக்கம். கல்வராயன் மலையில் போலீஸ் பேரல் பேரலாக ஊறலைக் கவிழ்த்து அழிக்கும் போட்டோ பேப்பரில் வராத வருஷம் கிடையாது. அங்கே வெல்லமும் வேலம்பட்டையும், இங்கே சோளமும் மால்ட்டும். ஒன்றைக் கீழே கொட்டுகிறார்கள், இன்னொன்றைப் பார்க்க டாலர் கொடுத்து டிக்கெட் வாங்குகிறோம்.

இன்னொரு விஷயமும் கற்றுக்கொண்டேன், 'சவர் மாஷ்'. முந்தைய தடவை காய்ச்சிய மிச்சத்தில் கொஞ்சம் எடுத்து அடுத்த ஊறலில் சேர்ப்பது. கேட்டதும் தயிருக்கு உறை ஊற்றுவதுதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மிச்சம் ஏற்கனவே கொதித்தது, அதில் ஈஸ்ட் உயிரோடு இல்லை. புளிப்பு மட்டும்தான் போகிறது. பி.ஹெச். குறைவதால் வேண்டாத பாக்டீரியா தலை எடுக்காது.

கிடங்குகள் தனி உலகம். ஏழெட்டு மாடி உயரத்துக்குப் பீப்பாய்கள் படுத்துக் கிடக்கும். வெயில் காலத்தில் சரக்கு விரிந்து மரத்துக்குள் போகும், குளிரில் சுருங்கி வெளியே வரும். வருஷத்துக்கு நாலு சதவீதம்போல காற்றில் போய்விடும். அதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பங்கைத் தேவதைகள் மட்டும் குடிப்பதில்லை. பாடோயினியா என்று ஒரு பூஞ்சை, ஆவியில் வாழ்கிறது. கிடங்குச் சுவர், பக்கத்து மரம், தெருப் பலகை, அடுத்த வீட்டுக் கூரை எல்லாம் புகை பிடித்த மாதிரி கருப்பு. அந்த வீட்டுக்காரர்கள் கேஸ் போட்டிருக்கிறார்கள். டூரில் தேவதை வரும், பூஞ்சை வராது. நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். பார்ட்ஸ்டவுனில் 1996இல் ஹெவன் ஹில் கிடங்குகள் ஏழு தீப்பிடித்து, எரியும் விஸ்கி ஆறாக ஓடிய கதையும் அப்படித்தான்.

பார்ட்ஸ்டவுன் பக்கத்தில் ஒரு சின்ன டிஸ்டில்லரி. பெரிய காலம் கிடையாது, செம்புப் பானை மட்டும். வழிகாட்டி வயதான மனிதர். முதலில் வடியும் பகுதியைத் தனியாகப் பிடித்து எங்களை முகரச் சொன்னார். நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை. "இதை நாங்க சேர்க்க மாட்டோம்" என்றார். நான் மெத்தனால் பற்றிக் கேட்டேன். கூட வந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா பார்க்கவில்லை. நான் ஏன் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

எங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வரும் அண்ணன் ஒருத்தர். கலர் கலப்பதில் கில்லாடி, கடைக்காரன் கொடுக்கும் ஷேடு கார்டை ஓரமாக வைத்துவிட்டுக் கண்ணாலேயே அளப்பார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அந்த வாரம் அவரும் ஆஸ்பத்திரியில் இருந்தார். உயிர் தப்பியது. கண் போயிற்று. மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மால்டிஹைடாகி, அப்புறம் ஃபார்மிக் அமிலமாகி, பார்வை நரம்பைத் தின்கிறது. ரியாக்‌ஷனை எழுதச் சொன்னால் நம் எல்லோருக்கும் வரும்.

அந்தப் பெரியவர் அவசரப்படாமல் பதில் சொன்னார். தானியத்தில் மெத்தனால் மிகக் குறைவாகத்தான் உண்டாகும், பழங்களில் இருக்கும் பெக்டினிலிருந்துதான் கொஞ்சம் கூடுதலாக வரும் என்றார். கொதிநிலை 65, 78 என்று நாம் படித்தாலும் தண்ணீரோடு கலந்திருக்கும்போது முதல் துளிகளோடு அது அழகாகப் பிரிந்து போய்விடாதாம். "ஆட்கள் கும்பலாகச் செத்தால் யாரோ ஃபேக்டரி ஆல்கஹாலை ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்க நாட்டிலும் நடந்திருக்கு" என்றார்.

நடந்திருக்கிறது. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு. தொழிற்சாலை ஆல்கஹாலைத் திருடிச் சுத்தம் செய்து விற்றார்கள். அதைத் தடுக்க, அதில் மெத்தனாலை இன்னும் கூட்டச் சொல்லி உத்தரவு போட்டது அரசாங்கமே. 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் ஆஸ்பத்திரிகளில் வரிசையாகச் சாவு. நகரத்தின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நோரிஸ், இதற்கு அரசே தார்மீகப் பொறுப்பு என்று வெளிப்படையாகப் பேசினார். பணம் இருந்தவனுக்கு நல்ல சரக்கு கிடைத்தது, டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மருந்துக் கடையிலேயே விஸ்கி வாங்கலாம். விஷம் யார் கிளாசுக்குப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அன்று ராத்திரி ஆர்.வி.யில் சித்தி தயிர்சாதம் பிசைந்து கொடுத்தாங்க. சித்தப்பா வாங்கி வந்த பாட்டிலைத் திறக்கவில்லை. மெத்தனால் விஷத்துக்கு முறிவாக எத்தனாலையே கொடுப்பார்கள் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரே என்சைமுக்கு ரெண்டும் போட்டி போடும், எத்தனால் முந்திக்கொள்ளும். "அப்போ நல்ல சரக்கு குடுத்திருந்தா கண்ணு தப்பிச்சிருக்குமா?" என்று சித்தி கேட்டாங்க. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்றேன்.

அடுத்து டென்னசி, லிஞ்ச்பர்க். ஜாக் டேனியல்ஸ் காய்ச்சுகிற அந்த ஊர் இருக்கும் மூர் கவுன்டி, மதுவிலக்கு உள்ள கவுன்டி! டிஸ்டில்லரி கடையில் மட்டும் விசேஷ அனுமதியில் விற்கிறார்கள். மேப்பிள் மரத்தை எரித்துக் கரியாக்கி, அதைப் பத்தடி உயரத்துக்கு நிரப்பி, விஸ்கியைச் சொட்டுச் சொட்டாக அதற்குள் இறக்குகிறார்கள். ஜாக்குக்குக் காய்ச்சக் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ட் கிரீன், அடிமையாக இருந்த கறுப்பினத்தவர். பெயர் உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும், ஆனால் கம்பெனி அதை ஊரறியச் சொன்னது 2016 வாக்கில்தான். ஒரு பழைய போட்டோவில் ஜாக்குக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பர் உட்கார்ந்திருப்பார். அது நியரஸ்டின் மகன் ஜார்ஜ் என்கிறார்கள். நியரஸ்டின் படம் எதுவும் இல்லை.

அதற்கப்புறம் மூணு நாள் நேர் ரோடு. மிசோரி, கான்சஸ், சோளக்காடு, கோதுமைக்காடு, சித்தப்பாவின் இளையராஜா பிளேலிஸ்ட். டென்வர் கடல் மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல் உயரம், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேக ரொம்ப நேரமாகும். ஸ்ட்ரானஹான்ஸில் பார்லி மால்ட் விஸ்கி பார்த்தோம். நல்ல இடம்தான். ஆறாவது லெமனேடு.

ஊருக்கு வந்ததும் பெயிண்டர் அண்ணனைப் பார்க்கப் போனேன். கேட்டுக்கொண்டே இருந்தார், பீப்பாயைக் கருக்குவது வரை. அப்புறம், "அங்க ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் பண்ணித்தான் வெளிய விடுவாங்களா தம்பி?" என்றார். ஆமாம், லேபில் மெஷின் இருக்கு என்றேன். "எங்களுக்கு மெஷின் எல்லாம் எங்க இருக்கு. பாக்கெட்டைப் பிரிச்சா கலர் மாறுற மாதிரி ஏதாவது இருக்கா?"

இருக்கு. மெத்தனாலை பெர்மாங்கனேட்டால் ஃபார்மால்டிஹைடாக்கி, க்ரோமோட்ரோபிக் அமிலம் சேர்த்தால் ஊதா நிறம் வரும். பழைய முறைதான். சிக்கல் என்னவென்றால் அதற்கு அடர் கந்தக அமிலம் வேண்டும், அதை யார் கையிலும் கொடுக்க முடியாது. அமிலம் இல்லாமல், ஒரு காகிதப் பட்டையில், சில ரூபாய்க்குள் முடியுமா என்பதுதான் எங்கள் கடைசி வருஷ ப்ராஜெக்ட். பயோடெக்கிலிருந்து ஒருத்தி சேர்ந்திருக்கிறாள், ஆல்கஹால் ஆக்சிடேஸ் என்சைமை வைத்து முயன்று பார்க்கலாம் என்கிறாள். அந்த என்சைமுக்கு எத்தனாலும் பிடிக்கும் என்பதுதான் இப்போதைய தலைவலி. மூணாவது ஆள் வேண்டும், சென்சார் தெரிந்த இ.சி.இ. ஆளாக இருந்தால் நல்லது. கெமிக்கல் பிளாக், இரண்டாவது மாடி, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் லேபில்தான் இருப்போம்.