அரிப்பு எத்தனை மணிக்கு?

மனநல மருத்துவர்கள் தோல் மருத்துவரான எனக்கு அனுப்பும் சீட்டில் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும்: 'மெத்தில்ஃபெனிடேட் ஆரம்பித்த பின் அரிப்பு. மருந்தால்தானா?' பதிலுக்காகக் காத்திருப்பவர்களில் நடுநிலையானவர் யாரும் இல்லை. அனுப்பியவருக்கு மாத்திரை தொடர வேண்டும். கவனக்குறைவும் துறுதுறுப்பும் தணிந்து பையன் இப்போதுதான் வகுப்பில் உட்கார ஆரம்பித்திருக்கிறான். கூட வந்த பாட்டிக்கு மாத்திரை நிற்க வேண்டும். "மூளைக்குப் போடுற மாத்திரைய இந்த வயசுல குடுத்தா உடம்பு தாங்குமா டாக்டர்?" என்பார். இரண்டு பேருமே அரிப்பைத் தங்கள் பக்கத்துச் சாட்சியாகக் கொண்டு வருகிறார்கள்.

இந்த மருந்தோடு அடிக்கடி வரும் தொந்தரவுகள் பசியின்மை, தூக்கமின்மை, தலைவலி, வயிற்றுவலி. தடிப்பும் அரிப்பும் மருந்துத் தாளில் பின்வரிசையில்தான் வரும். வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது.

நான் தாளை வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொல்வேன். முதலில் நகம். நாள் முழுக்கத் தேய்க்கிற கையின் நகங்கள் பளபளக்கும். பிறகு முதுகு. கை எட்டாத நடுமுதுகு மட்டும் சுத்தமாக, தோளும் இடுப்பும் தொடையும் கீறலாக இருந்தால், அத்தனையும் விரல்கள் செய்த வேலை. அரிப்பின் வேர் தோலுக்கு வெளியேகூட இருக்கலாம். அடுத்து விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள்; மூன்றும் சிரங்குப் பூச்சிக்குப் பிடித்த இடங்கள். கடைசியாகப் பேனா மூடியால் முதுகில் ஒரு கோடு இழுப்பேன். ஐந்து நிமிடம் பள்ளிக்கூடக் கதை பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், சிலருக்கு அந்தக் கோடு சிவந்து தடித்து எழுந்திருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டும் புத்தகப் பையின் வாரும் அழுத்திய இடமெல்லாம் அரிக்கும். மாத்திரைக்கு முன்னால் இருந்ததா என்று கேட்டால் அம்மாவுக்கு மெல்ல நினைவு வரும்: "ஆமா டாக்டர், சின்னதுலயே காணாக்கடின்னு குப்பைமேனி அரைச்சுப் பூசுவோம்."

இதற்கெல்லாம் மேலாக நான் நம்புவது கடிகாரத்தை. சாதாரண மெத்தில்ஃபெனிடேட்டின் அரை ஆயுள் இரண்டு, மூன்று மணி நேரம்தான். காலை எட்டு மணிக்குப் போட்டது மதியச் சாப்பாட்டுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மெதுவாகக் கரையும் வகை பள்ளி விடும்வரை, சில சமயம் அந்தி வரை தாங்கும். ஆகவே இரவு பதினொரு மணி அரிப்பை மாத்திரையின் தலையில் கட்டுவதற்கு முன் யோசிப்பேன். ஒரு பையனின் அம்மாவிடம், "வீட்ல வேற யாருக்காவது அரிக்குதாம்மா?" என்று கேட்டேன். தங்கச்சிக்கு அரித்தது, பக்கத்தில் படுக்கும் சித்திக்கும் அரித்தது. மாத்திரை போடுவது அவன் ஒருவன்தான். வீடு முழுக்க ஒரே இரவில் பெர்மெத்ரின் களிம்பு, ஒரு வாரம் கழித்து மறுபடியும். அதற்குப் பிறகும் சில வாரம் அரித்துத்தான் நின்றது. சிரங்கு அப்படித்தான் போகும்.

ஒவ்வாமைத் தடிப்பு இந்த மணிக்கணக்குக்கு முழுக்கக் கட்டுப்படாது. மருந்து உடம்பைவிட்டுப் போன பின்னும் தடிப்பு தங்கலாம். அதனால் அம்மாக்களிடம் காலண்டரில், பால் கணக்கு எழுதும் கட்டத்திலேயே, மாத்திரை போட்ட நேரத்தையும் அரித்த நேரத்தையும் குறிக்கச் சொல்கிறேன். மாத்திரையின் கம்பெனி மாறினாலும் எழுத வேண்டும். இது அட்டவணை எக்ஸ் மருந்து; இரண்டு பிரதியில் சீட்டு வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். எல்லாக் கடையிலும் இருக்காது என்பதால் கிடைத்த கம்பெனியை வாங்கி வருவார்கள். மருந்து அதேதான், சேர்த்த நிறமி வேறாக இருக்கலாம்.

எனக்கு எரிச்சல் மூட்டுவது, காலண்டர் நிரம்புவதற்குள் யாராவது கொடுத்துவிடும் அலர்ஜி மாத்திரை. அதில் பழைய வகை என்றால் பிள்ளை வகுப்பில் தூங்கி வழியும். கவனம் இல்லை என்று டீச்சர் எழுதி அனுப்புவார். அடுத்த முறை மனநல மருத்துவர் அளவைக் கூட்டுவார். அரிப்பு அதே இடத்தில் இருக்க, இரண்டு மருந்துகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும்.

தோலுக்கடியில் ஏதோ ஊர்கிறது என்பது வேறு சங்கதி. ஆம்ஃபெட்டமின், கொக்கெயின் அளவு மீறியவர்களிடம் அதைப் பார்க்கலாம். பூச்சி என்று சொல்லித் தீப்பெட்டியில் நூல் துணுக்கைப் பத்திரமாகக் கொண்டு வருவார்கள். குழந்தைகளிடம் அதைவிட அதிகம் பார்ப்பது உதட்டையும் காய்ந்த புண்ணையும் பிய்ப்பது. "அரிக்குதா தம்பி?" என்றால் இல்லை என்பான். அந்தச் சீட்டை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவேன். அது மனநல மருத்துவர் கவனிக்க வேண்டிய விஷயம்.

உதடோ கண்ணிமையோ வீங்கினால், மூச்சு இறுக்கினால், காய்ச்சலோடு கொப்புளமோ வாய்ப்புண்ணோ வந்தால் காலண்டருக்கு வேலையில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரி. அந்தப் பிள்ளைக்கு மறுபடி கொடுத்துப் பார்க்கும் பேச்சே கிடையாது.

வெறும் அரிப்பு என்றால் நிதானமாகப் பார்க்கலாம். மனநல மருத்துவர் சம்மதித்தால் சில நாள் நிறுத்தலாம். பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை எப்படியும் மாத்திரை கிடையாது. நிறுத்தினால் நின்று, கொடுத்தால் திரும்ப வந்தால்தான் என் சந்தேகம் பலப்படும். மருந்துதான் காரணமா என்று எடைபோட 1981-இல் வந்த நராஞ்சோ அளவுகோலில் பத்துக் கேள்விகள்; மறுபடி கொடுத்து அரிப்பு திரும்பினால் இரண்டு மதிப்பெண். பரீட்சை நேரத்தில் நிறுத்தவும் விடமாட்டார்கள், நின்ற பிறகு மறுபடி கொடுக்கவும் விடமாட்டார்கள். கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் நாலைத் தாண்டாது, 'இருக்கலாம்' என்ற படியில் நின்றுவிடும். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் படிவத்தை நிரப்ப அது போதும். அவர்கள் கேட்பது சந்தேகத்தை, நிரூபணத்தை அல்ல.

அப்படி நிரப்பி அனுப்பிய ஒரு பிள்ளைக்கு மனநல மருத்துவர் அடோமாக்செட்டின் மாற்றிக் கொடுத்தார். மெத்தில்ஃபெனிடேட் போல இது ஊக்க மருந்து இல்லை என்றதும் பாட்டிக்கு நிம்மதி. அதன் தாளிலும் அரிப்பு இருக்கிறது என்று சொல்லி, புது மாத்திரை தொடங்கும் தேதியைக் காலண்டரில் வட்டமிடச் சொன்னேன்.