அரை மில்லிமீட்டர்

உத்திரமேரூருக்கு இரயில் வந்ததில்லை. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள குடவோலைக் கல்வெட்டுகளைக் காண வருபவர் எவராயினும் காஞ்சிபுரத்திலோ, செங்கல்பட்டிலோ, மதுராந்தகத்திலோ இறங்கிப் பேருந்து பிடித்தே வந்தாக வேண்டும். வடக்கே பாலாற்றைக் கடந்தால் வாலாஜாபாத் நிலையம்; கிழக்கே சென்றால் மதுராந்தகம் நிலையம். இரண்டு பாதைகளும் எங்களூரை ஒதுக்கிவிட்டே சென்றன. ஆயினும் எங்கள் வீட்டில் இரயிலைப் பற்றிப் பேசாத நாள் இருந்ததில்லை. எங்கள் தந்தையார் அரக்கோணம்–செங்கல்பட்டுப் பாதையில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். வாலாஜாபாத், பழையசீவரம், பாலூர் என்று அவர் பணிபுரிந்த நிலையங்களின் பெயர்களைக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம்.

அந்தப் பாதைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது மூன்று முறை அளக்கப்பட்ட பாதை. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரையிலான பகுதியை 1865இல் திறந்தது இந்தியன் டிராம்வே கம்பெனி. தண்டவாளங்களுக்கு இடையே மூன்றரை அடி, அதாவது 1067 மில்லிமீட்டர் அகலம். செலவு குறைந்த சிறுபாதை என்பதே நோக்கம். நார்வேயில் 1862இல் இதே அகலத்தில் ஒரு பாதை ஓடத் தொடங்கியிருந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் காஞ்சிபுரத்தைப் போலவே 1865இல் வந்தது. ஜப்பானின் முதல் இரயில் 1872இல் ஓடியதும் இந்த அகலத்திலேதான். குயின்ஸ்லாந்தும் ஜப்பானும் இன்றளவும் அதைக் கைவிடவில்லை. காஞ்சிபுரம் பதின்மூன்றே ஆண்டுகளில் கைவிட்டது.

காரணம் இதுதான். மேயோ பிரபுவின் அரசு 1870இல் சிறுபாதைகளுக்கு மீட்டர் அகலத்தைத் தேர்ந்தெடுத்தது. டிராம்வே கம்பெனி கர்நாடிக் இரயில்வேயாகப் பெயர் மாறி, 1874இல் கிரேட் சதர்ன் கம்பெனியோடு இணைந்து தென்னிந்திய இரயில்வே ஆயிற்று. 1878இல் எங்கள் பாதை 1000 மில்லிமீட்டருக்குச் சுருங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் செங்கல்பட்டு வரை நீண்டது. நூறாண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது. பின்னர் 1992இல் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்தின் தொடர்ச்சியாக 1676 மில்லிமீட்டருக்கு விரிந்தது. தந்தையார் அறிந்ததெல்லாம் நடுவிலிருந்த அந்த ஒரு மீட்டர்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மறதி தொடங்கியது. காலையில் உண்டதை மறப்பார். ஆனால் பழையசீவரத்தில் கைகாட்டி எந்தப் பக்கம் நின்றது என்பதை மறக்கமாட்டார். அந்தப் பழைய நினைவும் கலையும் முன்னர் அவர் சொல்வதை வைத்து ஒரு சிறு நிலையத்தை மரப்பலகையில் அமைத்துவிட வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம். எங்களிடம் அந்தப் பாதையின் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எங்களூர்ச் சபைக்கு நிற்பவரின் வயது முப்பத்தைந்துக்குக் குறையாமலும் எழுபதுக்கு மிகாமலும் இருக்க வேண்டும், கால்வேலிக்கு மேல் நிலம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். 921இல் அவற்றைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நின்ற ஒரு நிலையத்திற்கோ, ஒரு முதியவரின் வாய்மொழியே எங்களுக்குச் சான்று.

மாதிரி இரயிலில் பெரிதும் வழங்கும் அளவு எண்பத்தேழில் ஒரு பங்கு. ஐரோப்பியப் பாதையின் 1435 மில்லிமீட்டர் அதில் 16.5 ஆகிறது. கடைகளில் கிடைப்பது அதுதான். நம் பிராட் கேஜுக்குக் கணக்குப்படி 19.3 வேண்டும். ஆகவே, அந்தத் தண்டவாளத்தில் இந்திய வண்டியை ஓட்டுபவர்கள் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் குறைவைப் பொறுத்துக்கொள்கிறார்கள். மீட்டர் கேஜ்காரர்களின் நிலை சற்றுத் தேவலை. சுவிட்சர்லாந்தின் மலை இரயில்களுக்காகச் செய்யப்படும் 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம் கிடைக்கிறது. அதை வரவழைத்தோம், இயங்கும் அடிச்சட்டம் ஒன்றையும் வாங்கினோம். அதன்மேல் வைக்க ஒய்.பி. இஞ்சினின் உடலை பிளாஸ்டிக் தகட்டில் வெட்டினோம்.

ஒய்.பி. என்பது சுதந்திரத்திற்குப் பிந்தைய மீட்டர் கேஜ் பயணி வண்டிகளின் இஞ்சின். முன்னே நான்கு சிறு சக்கரங்கள், நடுவே ஆறு பெருஞ்சக்கரங்கள், பின்னே இரண்டு. மொத்தம் 871 செய்யப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை ஜம்ஷெட்பூரில் டெல்கோ செய்தவை. பெருஞ்சக்கரத்தின் விட்டம் நாலரை அடி. எங்கள் அளவில் 15.8 மில்லிமீட்டர் வர வேண்டும். வாங்கிய அடிச்சட்டத்தின் சக்கரங்கள் அதனினும் சிறியவை. பெட்டிகளுக்கு அக்காலத்துச் செங்கல் நிறம் பூசினோம்.

தந்தையார் நாள்தோறும் வந்து பார்த்தார். ஒருநாள் விரலைத் தண்டவாளத்தின் நடுவே வைத்து, "இது கொஞ்சம் அகலமா இருக்கேப்பா" என்றார். நாங்கள் சிரித்தோம். அதன் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 12ஐ 87ஆல் பெருக்கினால் 1044. அவர் சொன்னது சரி. கணக்கைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "நாப்பத்திநாலு மில்லி அகலமா? வண்டி கீழ இறங்கிடுமேப்பா!"

நாற்பத்துநான்கு என்பது மாதிரியில் அரை மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த அரை மில்லிமீட்டர் எங்களை உறங்கவிடவில்லை. மூன்றரை அடிப் பாதையோடு ஒப்பிட்டால் வேறுபாடு 23 மில்லிமீட்டரே. அதாவது, தந்தையாரின் பாதையை அமைப்பதாக எண்ணி, அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே பெயர்த்தெறியப்பட்ட 1865ஆம் ஆண்டுப் பாதைக்கு நெருக்கமான ஒன்றை அமைத்திருந்தோம்!

அவர் மனத்தில் அந்த அளவு எப்படி நிலைத்தது என்பதைச் சென்ற ஆண்டு மேட்டுப்பாளையத்தில் கண்டோம். தமிழகத்தில் மீட்டர் கேஜ் இன்றும் இருப்பது அங்கிருந்து உதகை வரையிலான 46 கிலோமீட்டரில்தான். சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்வண்டிகூட 2004இல் நின்றுபோயிற்று. புறப்படுமுன் தந்தையார் ஒரு மூங்கில் குச்சியை வெட்டி எடுத்துக்கொண்டார். எந்த அளவுகோலையும் கேட்கவில்லை. கையாலேயே அளந்து வெட்டினார். நிலைய ஊழியர் ஒருவரிடம் அனுமதி பெற்றுக் குச்சியைத் தண்டவாளங்களுக்கு இடையே வைத்தபோது அது சிக்கென்று பொருந்தியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. குச்சியை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

வீடு திரும்பியதும் எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. தண்டவாளத்தைக் கையால் பதித்து 11.5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவரலாம். பெட்டிகளின் சக்கரங்களையும் அச்சில் உள்ளே தள்ளிவிடலாம். ஆனால் விசை பூட்டிய அடிச்சட்டத்தை எங்களால் மாற்ற இயலாது. அளவு சரியாக இருக்கும், வண்டி ஓடாது. அல்லது இருப்பது இருக்கட்டும் என்று விட்டால் வண்டி ஓடும்; அளவு பிழையாக இருக்கும். பாடத்தைத் திருத்துவதா, படிக்க விடுவதா என்று பதிப்பாசிரியர் தவிப்பதைப் போல நாங்கள் தவித்தோம். தந்தையாரையே கேட்டோம்.

"பாதை சரியில்லன்னா வண்டிய நிறுத்திடுவாங்களாப்பா? காஷன் ஆர்டர் குடுத்து அனுப்புவாங்க. இன்ன இடத்துல பாதை இப்படி இருக்கு, மெதுவாப் போன்னு எழுதி டிரைவர் கையில குடுத்துடுவாங்க. நீங்களும் எழுதி வச்சிட்டு ஓட்டுங்க."

பாடபேதம் என்று இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறோம். சுவடிக்குச் சுவடி சொல் மாறினால் ஒன்றை மூலத்தில் வைத்து, மற்றதை அடியில் குறிக்க வேண்டும். ஐயத்தை மறைக்கக் கூடாது. ஐயம் இருக்கிறது என்பதற்காக நூலை அச்சிடாமலும் இருக்கக் கூடாது. அதையே ஒரு பாயிண்ட்ஸ்மேன் நான்கு வாக்கியங்களில் சொல்லிவிட்டார்.

இன்று பலகையின் ஓரத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. தலைப்பு: காஷன் ஆர்டர். பாதை 44 மி.மீ. மிகை. பெருஞ்சக்கரம் சிறிது. கைகாட்டி: வாய்மொழிச் சான்று, ஐயமில்லை. லூப் லைன்: சித்திரையில் கேட்டபோது ஆற்றுப் பக்கம் என்றார், ஆடியில் கேட்டபோது ஊர்ப் பக்கம் என்றார், ஆற்றுப் பக்கம் அமைக்கப்பட்டுள்ளது. புதிய ஐயம் எழும்போதெல்லாம் ஒரு வரி சேர்கிறது. தாளில் இன்னும் இடம் இருக்கிறது.

மாலையில் வண்டியை ஓட்டுகிறோம். தந்தையார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்கிறார். ஒற்றைப் பாதையில் டோக்கன் கையில் வராமல் வண்டி அடுத்த நிலையத்திற்குப் போகக் கூடாது. பிரம்பு வளையத்தில் அதைக் கட்டி, ஓடும் இஞ்சினுக்கு நீட்டுவது அவர் வேலையாக இருந்தது. வண்டி நடைமேடையை நெருங்கும்போது சில நாள் அவர் வலக்கை தானே உயர்கிறது. சில நாள் உயர்வதில்லை. உயராத நாட்களில் நாங்கள் வண்டியை இன்னொரு சுற்று விடுகிறோம்.

அரக்கோணம்–செங்கல்பட்டுப் பாதையின் மீட்டர் கேஜ் காலத்துப் புகைப்படம் எவரிடமேனும் இருப்பின் எங்களுக்குக் காட்டி உதவ வேண்டுகிறோம். லூப் லைன் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும். ஊர்ப் பக்கம் என்றால் பெயர்த்து மாற்றிவிடுவோம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம்.