இயந்திரம் பேணல்

கருவியைப் போற்றுவோர் பலர், பேணுவோர் சிலர். வெட்டுதலும் கடைதலுமே தொழிலென்றும், துடைத்தலும் எண்ணெயிடுதலும் தொழில் முடிந்தபின் எஞ்சும் சில்லறை வேலையென்றும் கருதுவாரை யாண்டும் காண்கின்றோம். அக்கருத்துப் பொருந்தாதென்பதை, தேனி மாவட்டத்து ஓடைப்பட்டியில் எம் தமையனார் நடத்திவரும் சிறு பட்டறையில் விடுமுறை நாட்களிற் கண்டவற்றைக்கொண்டு ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

ஓடைப்பட்டி திராட்சைக்குப் பெயர்பெற்ற ஊர். தோட்டங்கள் பலவும் கிணற்று நீரை நம்பி நிற்பன. ஆதலின் பம்பின் தண்டு முறிந்தாலும், பற்சக்கரம் தேய்ந்தாலும் உழவர் நாடுவது பட்டறையையே. அங்குள்ள மில்லிங் இயந்திரம் கோயம்புத்தூரிலிருந்து பழையதாகக் கடன்பட்டு வாங்கப்பெற்றது. எந்தை மறைந்த ஆண்டில் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட தமையனார், அதனைக்கொண்டே கடனையும் இறுக்கின்றார். எம் கல்லூரிச் சம்பளத்தையும் செலுத்துகின்றார்.

இவ்வியந்திரத்தை அறியாதார் பொருட்டுச் சிறிது கூறுவோம். லேத்தில் சுழல்வது வேலைப்பொருள்; மில்லிங் இயந்திரத்திற் சுழல்வதோ பல பற்களையுடைய வெட்டுச்சக்கரம். வேலைப்பொருள் மேடைமீது இறுகப் பிணிக்கப்பெற்று, மேடையுடன் முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழும் நகரும். 1862-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஜோசப் பிரவுன் என்பார், துளையிடும் அலகின் திருகு காடிகளை வெட்டுதற்பொருட்டு இவ்வகையிற் சிறந்ததொன்றை அமைத்தார். நம் நாட்டில் 1953-இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பெற்ற இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனமும் இவ்வியந்திரங்களைச் செய்தளித்தது.

மாலையில் வேலை முடிந்ததும் தமையனார் முதற்கண் மின்னிணைப்பைத் துண்டிப்பார். பின்னர்த் தூரிகையால் இரும்புச் சீவல்களைத் தள்ளுவார். கையால் தொடார், சீவலின் விளிம்பு கத்திபோற் கூரியது. காற்றுக்குழாயால் ஊதுதலும் அவர்க்கு உடன்பாடன்று; ஊதப்பட்ட துகள் மேடை வழுக்கிச் செல்லும் தடங்களினூடே புகுந்து அரம்போல் அராவும். மேடைக் காடிகளைக் கம்பியால் வாரிப் பனியன் துணியால் துடைப்பார். வெட்டுச்சக்கரம் பொருந்தும் சுழல்தண்டின் குழிவாயில் ஒரு துகள் தங்கினும் சக்கரம் ஆடிச் சுழலுமாதலின், அதனையும் துடைப்பார். நீர் கலந்த கூலண்ட் தேங்கிய இடம் துருவேறும், அதனையும் ஒற்றியெடுப்பார்.

அதன்பின்னரே எண்ணெய். தடங்களுக்கு ஒட்டுந்தன்மை மிக்க 68-ஆம் எண் எண்ணெயை இடுவார். பற்சக்கரப் பெட்டியின் கண்ணாடித் துளைவழியே உள்ளிருக்கும் எண்ணெயின் அளவை நோக்குவார். இறுதியாக மேடையை நடுவே கொணர்ந்து நிறுத்துவார்; ஒருபுறம் நீண்டு தொங்கவிடின் எடை முழுதும் அப்புறத்தே தாழ்ந்து அழுத்துமன்றோ? இவையெல்லாம் 20 நிமிடத்தில் முடிவன.

இரும்பும் இரும்பும் உராயுமிடத்து எண்ணெய் மெல்லிய படலமாய் இடைநின்று இரண்டையும் பிரிக்கின்றது. தடத்தைக் கையாற் சுரண்டிச் செப்பனிடுவோர் அதன்கண் சிறுசிறு குழிகளை விடுவது அவ்வெண்ணெய் தங்குதற்பொருட்டே. படலம் அறுந்தால் மேடை தங்கித் தங்கி நகரும், தடம் தேயும், தேய்ந்த இரும்பு மீண்டும் வளராது.

சென்ற விடுமுறையில் ஒருநாள் இருட்டியபின் முதியவர் ஒருவர் முறிந்த பம்புத் தண்டைத் தோளிற் சுமந்து வந்தார். “தம்பி, கொடியெல்லாம் காய் பிடித்து நிற்கின்றது; தண்ணீர் நின்றால் எல்லாம் போயிற்று” என்றார். துடைத்து மூடிய இயந்திரம் மீண்டும் திறக்கப்பட்டது. புதிய தண்டை லேத்திற் கடைந்து, சாவிக்காடியை மில்லிங்கில் வெட்டினர். சாவி தளர்வாக அமையின், சுழலுந்தோறும் காடியின் சுவரை மோதி அதனைக் கெடுத்துவிடும். மயிரிழையளவு பிழையும் ஆகாது. சாவியோ கையால் தட்டியவுடன் சிக்கெனப் பொருந்திற்று. முதியவர் கும்பிட்டுச் சென்றபோது மணி பதினொன்று. தமையனார் மீண்டும் தூரிகையை எடுத்தார்.

“அண்ணா, காலையில் துடைக்கலாகாதா?” என்றோம்.

“இப்போது அவருக்கு உதவியது முன்னே துடைத்து வைத்ததுதான், தம்பி. விடியற்காலையில் வேறொருவர் வந்தால் என் செய்வது?” என்றார்.

யாம் பேசாது எண்ணெய்க் குப்பியை எடுத்துக் கொடுத்தோம்.

தமிழ் பயிலும் எமக்கு அவ்விரவில் ஒரு சொல் விளங்கிற்று. எள்ளின் நெய்யே எண்ணெயாயிற்றென்பது யாவரும் அறிந்தது. நேயம் என்னுஞ் சொல் அன்பையும் குறிக்கும்; நெய்யையும் குறிக்கும். உராயுமிடத்து இடைநின்று தேயாமற் காத்தல் இரண்டிற்கும் பொதுவன்றோ? எம் கையில் இலக்கண நூல் இருப்பது, அவர் கையில் அக்குப்பி இருத்தலால் என்பதையும் உணர்ந்தோம்.

நண்பர்காள்! ஆய்வகத்துத் தராசாயினும், நூலகத்து நூலாயினும், விடுதியின் பம்பாயினும், பயன்கொண்டபின் அவ்வாறே விட்டுச் செல்லாது, அடுத்து வருபவர்க்கு ஆயத்தமாக வைத்துச் செல்வோமாக.