ஒரு பானைச் சோறும் ஓராயிரம் ரவையும்

கல்லூரி மலருக்கு எழுதப் புகும் பழைய மாணவர், தமக்குக் கல்வி புகட்டிய ஆசான்மாரின் பெருமையை எழுதுவர்; அன்றேல் துடுப்பாட்டத்திற் பெற்ற வெற்றிகளை நினைவுகூர்வர். இவ்விரண்டையும் என்னினும் திறம்பட எழுதவல்லார் பலர் உளர். ஆதலின் நான் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கின்றேன். அது மிகச் சிறியது. ஓர் அங்குல நீளமே உள்ளது. இலக்குநோக்கிச் சுடும் விளையாட்டிலே பயன்படும் புள்ளி இருபத்திரண்டு (.22) ரவையே அது. ரவை என்றதும் உப்புமாவை நினைக்கும் அன்பர்கள் பொறுத்தருள்க. நான் கூறுவது துப்பாக்கி ரவை. அதனுள்ளும், போட்டிக்கென ஐம்பது ஐம்பதாக அடுக்கி விற்கப்படும் உயர்ந்த வகையைப்பற்றியன்று. ஐந்நூறு, ஐந்நூற்றைம்பது என ஒரே பெட்டியிற் கொட்டி மலிவாக விற்கப்படும் வகையைப்பற்றியே எழுதுகின்றேன். அதனை எவ்வளவுக்கு நம்பலாம், யார் கையிற் கொடுக்கலாம் என்பதே வினா.

பாமன்கடையில் வாழும் ஒருவன் துப்பாக்கியைப்பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பைத் தரலாம்; சிலருக்கு வெறுப்பையும் தரலாம். 1983 தொடக்கம் 2009 வரை இந்நாடு கண்ட போரின் பின், எம்மவர் செவியில் அச்சொல் விளையாட்டுச் சொல்லாக ஒலிப்பதில்லை. இளமையில் நான் நினைவுப்பொருளாக வைத்திருந்த வெற்றுக் கோதுகள் நான்கையும், அப்போர்க்காலத்து மாலையொன்றில் என் அன்னையார் எடுத்துச்சென்று வெள்ளவத்தை வாய்க்காலில் எறிந்துவிட்டார். வீதிச் சோதனையிற் சட்டைப்பையிலிருந்து வெளிப்படும் ஒரு பித்தளைக் கோது ஓர் இளைஞனின் வாழ்வையே மாற்றிவிடக்கூடிய காலம் அது. அன்னையார் செய்தது முற்றிலும் சரியே.

ஆயினும் போர் வேறு, விளையாட்டு வேறு. 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு மங்கள சமரக்கோன் 50 மீற்றர் றைபிள் போட்டியிற் கலந்துகொண்டார். அதே ஒலிம்பிக்கில் இந்திய வீரர் விஜய்குமார் 25 மீற்றர் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெள்ளிப்பதக்கம் பெற்றார். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் சுவப்னில் குசாலே 50 மீற்றர் மூன்றுநிலைப் போட்டியில் வெண்கலப்பதக்கம் பெற்றார். இம்மூவர் கையிலும் இருந்தது இந்தச் சின்னஞ்சிறு ரவையே. தகுதிச் சுற்றிலே அறுபது முறை சுட்டு, 600 புள்ளிகளுள் 590 பெற்றே குசாலே இறுதிச் சுற்றினுட் புகுந்தார். அறுபது சூட்டில் இழந்தவை பத்தே புள்ளிகள். இத்தகைய களத்தில் ஒரேயொரு ரவை பிழைத்தாலும் அதன் விலை யாதென்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இந்த ரவையின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று. பெருந் துப்பாக்கிகளின் ரவையிலே, தீமூட்டும் மருந்து அடிப்பாகத்தின் நடுவிலே தனியொரு சிறு மூடியில் அடங்கியிருக்கும். புள்ளி இருபத்திரண்டில் அவ்வாறில்லை. கோதின் அடிவிளிம்பு உட்குழிவாக மடிக்கப்பட்டிருக்கும். அம்மடிப்பினுள்ளேயே மருந்து இருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கும்போது அம்மருந்து பற்றி, கோதினுள் இருக்கும் வெடிமருந்தை எரிக்கும். பாரிஸ் நகரத்து புளோபேர் என்பார் 1845இல் செய்த சிற்றுருண்டை ரவையே இதன் மூதாதை. இன்று உலகெங்கும் வழங்கும் ‘லோங் றைபிள்’ என்னும் வடிவம் 1887இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தாரால் உருவாக்கப்பட்டது. அதன் ஈயச் சன்னம் பொதுவாக 40 கிறெயின், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம் நிறையுடையது.

குறையின் ஊற்றும் இவ்வமைப்பிலேயே உண்டு. ஈரமான மருந்துத் துளியைக் கோதினுள் இட்டு, கோதை வேகமாகச் சுழற்றி, அம்மருந்து விளிம்பின் மடிப்பெங்கும் பரவுமாறு செய்து, பின்னர் உலர்த்துவர். பரவல் சீராக அமைந்தால் ஊசி எவ்விடத்திற் பட்டாலும் ரவை வெடிக்கும். எங்கேனும் ஒரு சிறு இடைவெளி நேர்ந்து, ஊசியும் அவ்விடத்திலேயே பட்டுவிட்டால், ‘டிக்’ என்னும் ஓசையன்றி வேறொன்றும் நிகழாது. அத்தகைய ஊமை ரவையை வெளியே எடுத்து, சற்றுத் திருப்பி மீண்டும் இட்டுச் சுட்டால் அது வெடித்துவிடுதலும் உண்டு. மருந்து இல்லாமலில்லை, இருக்கவேண்டிய இடமெங்கும் இல்லை என்பதே குறை. இதனைத் திருத்துவது பொருட்செலவன்று, பொறுமைச் செலவு. மலிவான ரவையும் உயர்ந்த ரவையும் ஏறத்தாழ ஒரே பித்தளையாலும் ஒரே ஈயத்தாலும் ஆனவையே. எந்திரம் ஓடும் வேகம், இடையிடையே நிகழும் சோதனை, ஐயத்துக்குரியவற்றைக் கழித்துவிடும் துணிவு ஆகியவற்றுக்கே நாம் கூடிய விலை கொடுக்கின்றோம்.

வெடியாத ரவை தன் குறையைத் தானே சொல்லிவிடும். வெடித்தும் வேறுபடும் ரவையே வஞ்சகமானது. செக்கனுக்கு 330 மீற்றர் வேகத்திற் புறப்படும் சன்னம் 50 மீற்றரைக் கடக்க ஏறத்தாழ ஒரு செக்கனின் ஆறிலொரு பங்கு ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதனைக் குழலின் நேர்கோட்டிலிருந்து 12 சதமமீற்றரளவு கீழே இழுத்துவிடும். இதற்கேற்பவே குறிகாட்டியைச் சரிசெய்து வைத்திருக்கின்றோம். அடுத்த ரவையில் மருந்து சிறிது குறைந்து, சன்னம் 315 மீற்றர் வேகத்திற் புறப்படுமாயின், அது மேலும் ஒரு சதமமீற்றரளவு தாழ்ந்து செல்லும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ 10.4 மில்லிமீற்றர். நட்டநடுவிற் படவேண்டிய சன்னம் ஒன்பதாம் வட்டத்தில் விழுந்துவிடும். சுட்டவன் கையில் நடுக்கமில்லை, கண்ணிற் பிழையில்லை. ஆயினும் அட்டை அவனையே குற்றவாளி என்கின்றது. 25 மீற்றர் தூரத்தில் இவ்வேறுபாடு நாலிலொரு பங்காகச் சுருங்குமாதலால், அண்மையிற் சுட்டுப்பார்ப்போர்க்கு மலிவு ரவையும் நல்லதாகவே தோன்றும்.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் பழமொழி. பானை ஒன்று, நீர் ஒன்று, நெருப்பு ஒன்று. ஆகவே ஒரு பருக்கை மற்றெல்லாப் பருக்கைக்கும் சாட்சி கூறும். மலிவு ரவைக்கு இப்பழமொழி பொருந்தாது. நூற்றுக்கு ஒன்று பழுதான பெட்டி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதிலிருந்து ஐந்து ரவை எடுத்துச் சுட்டால், ஐந்தும் நன்றாக வெடிப்பதற்கு நூற்றுக்கு 95 வாய்ப்பு உண்டு. நூறு ரவை சுட்டாலும் ஒரு பழுதும் கண்ணிற் படாதிருக்க நூற்றுக்கு ஏறத்தாழ 37 வாய்ப்பு உண்டு. முந்நூறு சுட்டு ஒன்றேனும் பழுதாகாதபோதுதான், ‘நூற்றுக்கு ஒன்றினுங் குறைவே’ என ஓரளவு உறுதியாகக் கூறலாம். ஐந்து ரவையைக்கொண்டு ஒரு பெட்டிக்கு நற்சான்றிதழ் வழங்குதல் கணக்கறியாதார் செயல். ஐந்து ரவையைக்கொண்டு ஒரு மாணவனுக்குத் தீர்ப்பு வழங்குதல் அதனினுங் கொடிது.

இதனை நான் ஏட்டறிவாகக் கூறவில்லை. 1960களின் பிற்பகுதியில், கல்லூரியை விட்டு நீங்கிய புதிதில், பாமன்கடையில் எங்கள் ஒழுங்கையிலேயே வாழ்ந்த வகுப்புத்தோழன் ஒருவனும் நானும் கொழும்பின் புறத்தே இருந்த ஒரு சுடுகளத்திற் பயிற்சிபெறச் சென்றோம். அவன் என்னினும் மிகச் சிறந்தவன். மூச்சை அடக்கி, விசையை இழுப்பது தெரியாமல் இழுப்பான். ஒரு போட்டிக்கு அணி தெரிவுசெய்தார்கள். ஆளுக்கு ஐந்து ரவை. தூரம் ஐம்பது யார். பயிலுநர்க்கென வாங்கிய மலிவுப் பெட்டியிலிருந்தே எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். அவனுடைய நான்கு துளைகளையும் ஓர் ஐம்பது சதக் குற்றியால் மறைத்துவிடலாம். ஐந்தாவது மிகவும் தாழ்ந்து, கறுப்பு வட்டத்தின் விளிம்பிற் பட்டது. அந்தச் சூட்டின் ஓசையே மந்தமாக இருந்ததை அருகிற் படுத்திருந்த நான் கேட்டேன், அங்கேயே சொன்னேன். “தம்பி, கை நடுங்கிவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று பயிற்றுநர் கூறினார். அவர் தீயவரல்லர். அட்டையில் உள்ளதைப் படித்தார்; அவ்வளவே.

இரண்டு வாரங்களின் பின் அதே பெட்டியில் எஞ்சியவற்றைக் கைதேர்ந்த ஒருவர் சுட்டார். அவருக்கும் இடையிடையே அதே மந்த ஓசை, அதே தாழ்வு. பெட்டி விலக்கப்பட்டது. அதற்குள் என் தோழன் வருவதை நிறுத்திவிட்டான். நான் வீடு தேடிச்சென்று நடந்ததைக் கூறினேன். கேட்டுச் சிரித்தான், நம்பவில்லை. 1983இன் பின் அவன் கனடா சென்று ரொறன்ரோவிற் குடியேறினான். இன்றும் தொலைபேசியிற் பழங்கதை பேசும்போது, “மச்சான், எனக்கு அந்த நேரத்திலே கை நடுங்கும், பொறுப்பான வேலைக்கு நான் சரிவரமாட்டேன்” என்பான். அவன் கை என்றும் நடுங்கியதில்லை. பத்துச் சத ரவையொன்று சொன்ன பொய்யை ஒரு மனிதன் அரை நூற்றாண்டுக்கு மேலாக உண்மையென நம்பி வாழ்கின்றான்.

பின்னாளில் இளைஞர் சிலருக்குச் சுடக் கற்பிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. எங்கும் ஒரு வழக்கத்தையே கண்டேன். தேர்ந்தவர்க்கு உயர்ந்த ரவை. புதியவர்க்கு மலிவு ரவை. ‘புதியவன் எப்படியும் பிழைவிடுவான், அவனுக்கேன் விலையுயர்ந்தது?’ என்பர். கேட்கச் சரியாகவே இருக்கும். உண்மை இதற்கு மாறானது. தேர்ந்தவன் தன் கையை அறிவான். சன்னம் தாழ்ந்து பட்டால், ‘இது என் பிழையன்று’ எனத் துணிந்து கூறும் அனுபவம் அவனுக்கு உண்டு. புதியவனுக்கோ இலக்கட்டையே ஆசான். அவ்வாசான் ஐந்துக்கு ஒருமுறை பொய் கூறுமாயின், அவன் எதைத் திருத்துவான்? இல்லாத பிழையைத் தேடித் திருத்தப்போய், இருந்த நலத்தையும் இழப்பான். ஆகவே, சீரான ரவை முதலிற் சேரவேண்டிய இடம் கற்பவன் கையே.

இதனால் மலிவு ரவை முழுவதும் தள்ளத்தக்கது என்பது என் கருத்தன்று. துப்பாக்கியைக் கையாளும் ஒழுங்கு, படுக்கை நிலை, விசையின் பழக்கம் இவற்றை அண்மைத் தூரத்திற் பயில அது போதும். பணம் மிகுந்தோர்க்கே இவ்விளையாட்டு என்றாகிவிடாமற் காப்பதும் அதுவே. வேண்டுவது, அதற்குரிய இடத்தை அறிந்து வைத்தலே. ஒரே தொழிற்சாலையில் ஒரே காலத்திற் செய்த ரவைகளுக்குத் தொகுதி இலக்கம் ஒன்று இருக்கும். உண்மையான ‘பானை’ அதுவே. உயர்ந்த ரவை செய்யும் பேர்மிங்காம் ஈலி நிறுவனத்தாரின் சோதனைக் களத்துக்கு, வீரர்கள் தம் துப்பாக்கியையே கொண்டுசென்று, தொகுதி தொகுதியாகச் சுட்டுப்பார்த்துத் தமக்கு இசைந்ததை வாங்குவர். ஒரு துப்பாக்கிக்கு இசைந்த தொகுதி மற்றொன்றுக்கு இசையாதிருத்தலும் உண்டு. 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின்படி உரிமமின்றி எதனையும் வைத்திருக்கலாகாத நம் நாட்டில், இத்தகைய தெரிவு எளிதன்று. கிடைத்ததைக்கொண்டே பயிலவேண்டியிருக்கும். அப்பொழுது தொகுதி இலக்கத்தை ஏட்டிற் குறித்தலும், வெடியாதவற்றையும் ஓசை வேறுபட்டவற்றையும் எண்ணி எழுதுதலும், மாணவனைத் தெரியும் நாளில் ஆராய்ந்த தொகுதியையே வழங்குதலும் எவர்க்கும் இயலும். இவற்றுக்கு வேண்டியது ஒரு பென்சிலும் சிறிது நேர்மையும்.

காப்புப்பற்றி ஒரு சொல். விசை இழுத்தும் வெடியாவிடின் உடனே திறக்கலாகாது. குழலை இலக்கின் பக்கமே வைத்து முப்பது செக்கனேனும் பொறுத்தல் வேண்டும். மருந்து தாமதித்துப் பற்றுதலும் உண்டு. ஓசை மந்தமாயிருப்பின் சுடுவதை நிறுத்தி, குழல் வெறுமையாயுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். வலுவிழந்த சன்னம் குழலினுள்ளே சிக்கியிருக்க, அதன் பின்னே மற்றொன்றைச் சுட்டால் குழல் வெடித்துக் கண்ணையோ கையையோ கொள்ளைகொள்ளும். சுட்டு முடிந்தபின் கைகளை நன்றாகக் கழுவாமல் உணவைத் தொடலாகாது; சன்னத்திலும் தீமூட்டு மருந்திலும் ஈயம் உண்டு.

நிற்க. இக்கட்டுரையைப் படிப்போருள் துப்பாக்கியைக் கையால் தொட்டவர் மிகச் சிலரே ஆவர். ஆயினும் அளவுகோல் பிடிப்போர் பலர். வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியரும், ஆய்வுகூடத்துக்குத் தராசு வாங்கும் அலுவலரும், ஒரு நேர்முகத்திலே ஒருவனை எடைபோடும் அதிகாரியும் பிறர் கையில் ஐந்தைந்து ரவை கொடுப்போரே. கொடுக்கும் ரவை சீரானதா என்று முதலிற் பார்த்தபின் அட்டையைப் படிப்பார்களாக. இன்று நம் கல்லூரியிற் பயிலும் தம்பிமாருக்கும் ஒன்று கூறுவேன். ஒருமுறை குறி தப்பினால் உம்மை ஐயுறுமுன் உமக்குத் தந்த கருவியையும் ஆராய்ந்து பாரும். கருவி நல்லதெனக் கண்டபின் உம்மைத் திருத்திக்கொள்ளும். இவ்விரண்டையும் இவ்வொழுங்கிலேயே செய்யக் கற்றவன், எத்துறையிற் புகுந்தாலும் கல்லூரிக்குப் பெருமை சேர்ப்பான்.